கடற்கரை ஊரின் வைகறை அமைதி

கடற்கரை ஊர் ஒன்றின் வைகறை அமைதி என நாம் கூறுவது, நிலம், காற்று, நீர், ஒலி என்னும் நான்கும் நாள்தோறும் தாம் அடையும் ஏற்ற இறக்கங்களுள் இறக்கத்தின் எல்லையை ஏறத்தாழ ஒரே பொழுதில் எய்துவதால் விளையும் கூட்டுநிலையாகும். நான்கனுள் எதுவும் அப்பொழுது செயலற்று நின்றுவிடுவதில்லை. நிலம் தன் வெப்பத்தை வான்நோக்கி வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; காற்று கரையினின்று கடல்நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது; அலை எங்கோ தொலைவிற் பெற்ற ஆற்றலைக் கொணர்ந்து மணலில் இறக்கிக்கொண்டே இருக்கிறது; ஒலி, பகலிற் செல்லாத தொலைவுக்கும் சென்றுகொண்டே இருக்கிறது. ஒன்றின் செயல் மற்றொன்றின் செயலை மறைக்காத அளவில் இவை நிற்பதனால் மாந்தர் செவிக்கும் கண்ணுக்கும் அந்நிலை அமைதியாகப் புலப்படுகிறது. ‘ஏறத்தாழ ஒரே பொழுதில்’ என்றேன். அத்தொடருக்குள் நுணுக்கமான ஒரு வரிசைமுறை அடங்கியிருக்கிறது. எது முன்னே, எது பின்னே, ஒன்று மற்றொன்றை எவ்வாறு வழிநடத்துகிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். சோழநாட்டுக் கடற்கரையில், காவிரியின் கழிமுகப் பரப்பில், நேர்கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்கிறேன். கரையை ஒட்டி, கடலரிப்பால் தன் முன்புறத்தை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும், 1620-ஆம் ஆண்டு தஞ்சை நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்கு நாட்டவர் எழுப்பிய கோட்டையும், அவற்றை அடுத்து மீனவர் குடியிருப்பும் உள்ள சிறிய ஊர் அது. தமிழ் நூல்களை அச்சேற்றும் அச்சுக்கூடம் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயங்கிய ஊரும் அதுவே. அயலவர் தம் கருத்தைத் தமிழர்க்கு உரைக்கத் தமிழெழுத்தையே வார்த்தெடுத்த அவ்வூரின் விடியலைத் தமிழ்ச் சொற்களாலேயே விளக்குவது பொருத்தமுடையது. விளக்க இயலும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதலில் பொழுதை வரையறுப்போம். நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். சிறுபொழுது ஒன்றுக்குப் பத்து நாழிகை. நாழிகை ஒன்றுக்கு 24 மணித்துளி. இக்கணக்கின்படி வைகறை என்பது இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை நீளும். இன்றைய வானியலார் இதன் இறுதிப் பகுதியை மட்டும், ஞாயிறு தொடுவானத்தின் கீழே எத்தனை பாகையில் நிற்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டு, மூன்று படிகளாகப் பிரிக்கின்றனர். அப்படிகளை அவற்றால் பயன்கொள்வோர் பெயராலேயே வழங்கலாம். ஞாயிறு 18 பாகை கீழே நிற்கையில் தொடங்குவது விண்ணோக்கர் புலரி. மங்கலான விண்மீன்கள் மறையத் தொடங்கும் வேளை அது. 12 பாகையில் தொடங்குவது கடலோடிகள் புலரி. வழிகாட்டும் பெருவிண்மீன்கள் மேலேயும் தொடுவானக் கோடு எதிரேயும் ஒருங்கே தெரிவதால், கப்பல் தன் இருப்பிடத்தைக் கணிக்கத் தக்க பொழுது இதுவாகும். 6 பாகையில் தொடங்குவது ஊரார் புலரி. விளக்கின்றியே வலைமுடிச்சைப் பார்க்கலாம், எதிரே வருபவர் முகம் அறியலாம்.

தரங்கம்பாடி 11 பாகை வடவகலாங்கில் இருப்பதால், ஞாயிறு அங்கே தொடுவானத்தைப் பெரும்பாலும் செங்குத்தாகவே கடந்து மேலெழுகிறது. பகலும் இரவும் ஒத்து நிற்கும் மார்ச்சுத் திங்கள் நாளில் கதிரெழுச்சி அங்கே ஏறத்தாழ 6 மணி 15 மணித்துளிக்கு நிகழ்கிறது. அந்நாளில் விண்ணோக்கர் புலரி 5 மணியைச் சற்றுக் கடந்ததும், கடலோடிகள் புலரி ஐந்தரை மணி அளவிலும், ஊரார் புலரி 6 மணிக்குச் சில துளிகள் முன்னும் தொடங்குகின்றன. முழு இருளினின்று கதிரெழுச்சி வரை மொத்தம் எழுபது மணித்துளி. கோட்டையைக் கட்டியவர்களின் தலைநகராகிய கோபன்ஏகன் 55 பாகைக்கும் மேற்பட்ட அகலாங்கில் உள்ளது. ஞாயிறு அங்கே தொடுவானத்தைச் சாய்ந்து கடப்பதால் அதே நாளின் புலரி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நீள்கிறது. நடுக்கோடையிலோ அந்நகரில் முழு இருளே சூழ்வதில்லை. அந்நாட்டினின்று வந்து இக்கரையிற் கண்விழித்தவர்க்கு நம் விடியலின் விரைவு புதுமையாகவே இருந்திருக்கும்.

இனி, நான்கனுக்கும் வேராகிய வெப்பத்துக்கு வருவோம். பிற யாவும் இதன் கிளைகளே.

பொருள் ஒன்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த வேண்டும் ஆற்றலை அதன் வெப்பஏற்புத்திறன் என்கிறோம். எடைக்கு எடை ஒப்பிட்டால், உலர்ந்த மணலைக் காட்டிலும் நீருக்கு இத்திறன் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி. அதனினும் பெரிய வேறுபாடு ஆழத்தில் உள்ளது. பகல்முழுதும் மணல்மேல் விழும் வெயில் மேற்பரப்பின் சில விரற்கடைகளுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. உச்சி வேளையில் கால் வைக்கவொண்ணாத மணலைக் கையளவு தோண்டினால் குளிர்ந்த மணல் தட்டுப்படுவதைக் கடற்கரைச் சிறுவர் அனைவரும் அறிவர். கடலிலோ ஒளி ஊடுருவுகிறது; அலையும் நீரோட்டமும் கலக்குகின்றன; அதே வெப்பம் பல மீட்டர் ஆழத்துக்குப் பரவிவிடுகிறது. ஆதலால் மணலின் வெப்பநிலை ஒரே நாளில் இருபது பாகைக்கு மேலும் ஏறியிறங்கக் கூடும். திறந்த கடலின் மேற்பரப்போ பெரும்பாலும் ஒரு பாகை அளவுக்குள்ளேயே நிற்கிறது.

இரவில் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. வெப்பமுடைய ஒவ்வொரு பொருளும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும் என்பது இயற்பியலின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. 27 செல்சியசு பாகையில் இருக்கும் நிலப்பரப்பு, சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 460 வாட்டு என்ற அளவில் கதிர்வீசுகிறது. காற்றிலுள்ள நீராவியும் பிற வளிகளும் அதிற் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பினும், முகிலற்ற இரவில் இழப்பே விஞ்சுகிறது. ஞாயிறு எழுந்த உடனேயும் இவ்விழப்பு ஈடாவதில்லை. சாய்ந்து விழும் முதற்கதிரின் ஆற்றல் மிகச் சிறிது. எனவே ஒரு நாளின் மிகக் குளிர்ந்த வேளை நள்ளிரவன்று. கதிரெழுச்சியை ஒட்டிய வேளையே ஆகும்.

இவ்விழப்பின் சான்றினைக் கரையில் கையால் தொட்டே அறியலாம். மாசித் திங்களின் விடியலில், மணல்மேட்டில் கவிழ்த்து வைத்த படகொன்றின் அடிப்புறம் வான்நோக்கி இருக்கும். அதன்மேல் விரலை இழுத்தால் நீர் கோடாக வழியும். அதே படகின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், உலர்ந்திருக்கும். அண்டையில் தென்னங்கீற்றின் கீழ்க் கிடக்கும் வலைக்குவியலும் பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கும். வானைப் பார்க்கும் பரப்பு வெப்பத்தை இழந்து, சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்து, காற்றின் நீராவியைத் தன்மேல் நீராக ஒடுக்கிக்கொள்கிறது. வான் மறைக்கப்பட்ட பரப்பு அவ்வளவு குளிர்வதில்லை. பனிநீர் வானினின்று விழுவது என்ற நெடுநாள் எண்ணத்தை மாற்றி இவ்வுண்மையை முறையான செய்காட்டுகளால் நிறுவியவர், இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லசு வெல்சு; அவர்தம் நூல் 1814-இல் வெளிவந்தது. தோட்டத்திலே கம்பளித் திரிகளை வெட்டவெளியிலும் மறைப்பின் கீழும் வைத்து, அவை உறிஞ்சிய பனிநீரை நிறுத்துப் பார்த்து அவர் கண்ட முடிபு அது.

வெப்பத்தினின்று காற்று பிறக்கிறது. நிலம் கடலைவிடக் குளிர்ந்ததும் அதன்மேல் நிற்கும் காற்றும் குளிர்ந்து அடர்த்தி மிகுகிறது. கடலின்மேல் நிற்கும் காற்று ஒப்புநோக்க வெதுவெதுப்பாகவும் இலேசாகவும் இருக்கிறது. அடர்ந்த காற்று தாழ்வாக ஊர்ந்து கடல்நோக்கிச் செல்கிறது. இதுவே நிலக்காற்று. பகலில் நிலைமை தலைகீழாகிக் கடற்காற்று வீசுகிறது. இரண்டும் ஒரே நெறியின் இரு முகங்களாயினும் வலிமையில் ஒத்தவை அல்ல. பகலிற் காய்ந்த நிலம் காற்றை உயரத் தூக்கிக் கலக்குவதால் கடற்காற்று ஆயிரம் மீட்டர் அளவுக்கும் தடித்து வளரக்கூடும். இரவின் குளிர்ந்த காற்றோ கீழேயே படிந்து கிடக்கும் இயல்பினது; ஆகவே நிலக்காற்றின் தடிப்பு சில நூறு மீட்டரைத் தாண்டுவது அரிது; அதன் விரைவும் குறைவு. தென்னையின் உச்சிக் கீற்று மட்டும் சிறிதே அசையும். முற்றத்து விளக்கின் சுடர் நேராக நிற்கும்.

பொறிப்படகு வருமுன், கட்டுமரக்காரரின் அன்றாடத் தொழில் முழுவதும் இவ்விரு காற்றுகளின்மேல் அமைந்திருந்தது. விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் இறங்குவர். பிற்பகல் கடற்காற்றில் பாய் விரித்துக் கரைக்கு மீள்வர். கொண்டல், வாடை, கச்சான், சோழகம் எனக் காற்றுக்குக் காற்று பெயரிட்டு, எக்காற்றில் எவ்வலை இடுவது, எக்காற்றில் கரையிலேயே இருப்பது என்று கணித்த அவர்களின் அறிவைக் காற்றியல் நூல்களின் முதல் இயலாக வைத்தல் தகும் என்பது என் துணிபு. எழுதப்படாமையால் அது அறிவியல் அல்லாதது ஆகிவிடாது.

இங்கே ஒரு வரம்பும் கூற வேண்டும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலினின்று கரைமேல் நேராக மோதுகிறது. மெல்லிய நிலக்காற்று அதன்முன் நிற்க இயலாது. அந்நாள்களில் இக்கரையின் வைகறை இரைச்சலும் ஈரமும் மிக்கது. ஆகத்து போன்ற திங்கள்களில் மேல்காற்று நிலத்தினின்றே வீசுவதால் கரையோரக் கடல் அடங்கியிருப்பினும் காற்று அடங்குவதில்லை. நாம் பேசும் அமைதி தன் முழு வடிவில் நிற்பது தை பின்பகுதி முதல் பங்குனி வரையிலான முகிலற்ற நாள்களில்.

காற்று நீரைச் செலுத்துகிறது. கடலலைகளை இங்கு இருவகையாகப் பகுத்தால் போதும். அவ்விடத்தில் வீசும் காற்றால் அப்பொழுதே எழுவது காற்றலை. தொலைவில் வீசிய காற்றால் எழுந்து, அக்காற்று ஓய்ந்த பின்னும் தானே ஓடிவருவது தொலையலை. காற்றலை எவ்வளவு உயரும் என்பது காற்றின் விரைவையும், அது வீசிய பொழுதின் நீளத்தையும், நீர்ப்பரப்பின்மேல் அது ஓடிய தொலைவையும் பொறுத்தது. மூன்றாவதை ஓடுதொலைவு எனலாம். நிலக்காற்று கரையைவிட்டு நீரில் இறங்கும் இடத்தில் அதன் ஓடுதொலைவு சுழி. ஆகவே கரையோரத்தில் காற்றலைக்கு வழியே இல்லை. நீர் எண்ணெய் தடவியதுபோல் மழமழவென்று கிடப்பதன் கரணியம் இதுவே.

தொலையலை மட்டும் எஞ்சுகிறது. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரப் பத்து நொடி எடுத்துக்கொள்ளும் தொலையலை ஒன்றைக் கொள்வோம். ஆழ்கடலில் அதன் முகடுகளுக்கிடைப்பட்ட நீளம் 156 மீட்டர். அலைக்கூட்டம் ஆற்றலைச் சுமந்து நகரும் விரைவு நொடிக்கு 7.8 மீட்டர், ஒரு நாளில் 670 கிலோமீட்டருக்கும் சற்று மேல். வைகறையில் உங்கள் காலடியில் மடியும் அலை ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்ததாயின், அதை எழுப்பிய காற்று வீசியது இரண்டு நாள் முன்பு. தன் நீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறைந்ததும் அலை கடல்தரையை உணரத் தொடங்குகிறது, விரைவு குறைகிறது, நீளம் சுருங்குகிறது, உயரம் மிகுகிறது. அதன் உயரம் நீராழத்தில் முக்காற்பங்கை எட்டும் இடத்தில் முகடு தாங்காமல் மடிகிறது. எதிரே வீசும் மெல்லிய நிலக்காற்று அம்மடிப்பைச் சற்றே தாமதப்படுத்துவதால் வைகறை அலையின் முன்புறம் நிமிர்ந்து, சுவரெனத் தெளிந்து, பின் ஒரே வீச்சாக விழுகிறது. பகலிலோ கடற்காற்று எழுப்பும் காற்றலைகள் தொலையலையின்மேல் ஏறிக் குழப்பி, இடைவிடாத ஒரே இரைச்சலாக்கிவிடுகின்றன. வைகறையில் அலைக்கும் அலைக்கும் இடையே வெறுமையான சில நொடிகள் கிடைக்கின்றன. செவி அமைதி என்று கொள்வதில் பெரும்பங்கு அவ்விடைவெளியே.

ஓதத்தைப் பற்றி ஒன்று சொல்லி மேற்செல்கிறேன். இக்கரையில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது மணித்துளி பின்தள்ளி வருவது. எனவே முழுநிலவோ மறைநிலவோ வரும் ஓர் உவாநாளின் விடியலில் நீர்விளிம்பு நின்ற இடத்தில் ஒரு கிழமை கழித்து நிற்பதில்லை. இரு கிழமை கழித்து அடுத்த உவாநாளில் மீண்டும் அங்கு வந்து நிற்கும்.

இனி ஒலி. இப்பொருளின் உயிர்நிலை இதுவே ஆதலின் இங்குச் சற்று நிற்போம். அலையின் ஓசை நீர் மணலை அடிப்பதால் மட்டும் எழுவதன்று. மடியும் அலை காற்றைச் சிறைப்பிடித்து எண்ணற்ற குமிழிகளாக்குகிறது, ஒவ்வொரு குமிழியும் பிறந்த அக்கணத்தில் சுருங்கி விரிந்து அதிர்கிறது, அவ்வதிர்வே ஒலி. குமிழியின் அளவுக்கும் அதன் ஒலியின் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை 1933-இல் நெதர்லாந்து அறிவியலார் மார்செல் மின்னார்ட்டு கணித்துத் தந்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுடைய குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,260 முறை அதிர்கிறது. மூன்று மில்லிமீட்டர் ஆரமுடையது அதில் மூன்றில் ஒரு பங்கே அதிர்கிறது. நுரை அடங்கும்போது எழும் ‘சிர்’ என்ற மெல்லோசை சிறு குமிழிகளின் குரல். அலை விழுந்த நொடியில் எழும் கனத்த ஓசை பெருங்குமிழிகளும் குமிழிக் கூட்டங்களும் சேர்ந்து எழுப்புவது. நுண்ணொலியைக் காற்று விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது. கனத்த ஒலி நெடுந்தொலைவு செல்கிறது. ஆகவே நீர்விளிம்பில் நிற்பவர் இரண்டையும் கேட்கிறார். நான்கு தெரு தள்ளி வீட்டுத் திண்ணையில் இருப்பவர் கனத்ததை மட்டுமே கேட்கிறார்.

அத்திண்ணையில் பகலில் அலையோசையே கேளாது. வைகறையில் தெளிவாகக் கேட்கும். ஊர் உறங்குவதால் பிற ஓசைகளின் மறைப்பு நீங்குகிறது என்பது உண்மையே. ஆயினும் அது பாதிக் கரணியம். காற்றில் ஒலியின் விரைவு வெப்பநிலையைப் பொறுத்தது. சுழிப் பாகையில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீட்டர் கூடுகிறது. பகலில் நிலத்தை ஒட்டிய காற்று மிக வெப்பமாகவும் மேலே செல்லச்செல்லக் குளிர்ந்தும் இருக்கும். அப்போது ஒலியலையின் கீழ்ப்பகுதி முந்தி ஓடுகிறது, மேற்பகுதி பின்தங்குகிறது. தேரின் ஒருபுற வடத்தைப் பிடித்தவர் விரைந்தால் தேர் மறுபுறம் திரும்புவதைப்போல, ஒலியலை மேல்நோக்கித் திரும்பி நம் தலைக்கு மேலே சென்றுவிடுகிறது. வைகறையில் நிலம் குளிர்ந்து தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்வித்திருப்பதால், சில பத்து மீட்டர் உயரத்தில் உள்ள காற்று கீழுள்ளதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். இவ்வமைப்பைத் தலைகீழ் வெப்ப அடுக்கு என்கிறோம். இப்போது மேற்பகுதி முந்துகிறது. ஒலியலை கீழ்நோக்கி வளைந்து ஊருக்குள்ளேயே இறங்குகிறது. வெப்பநிலை வேறுபாடு ஒலியின் வழியை இவ்வாறு வளைக்கும் என்பதை ஆசுபர்ன் இரெனால்ட்சு என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1870-களில் ஆய்ந்து நிறுவினார்.

ஆழ்ந்து நோக்குவோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும், எழ வேண்டும். நிலக்காற்று கரையினின்று கடல்நோக்கி வீசுகிறது. அலையோசையோ கடலினின்று கரைநோக்கி வருகிறது. எதிர்க்காற்றில் வரும் ஒலி மேல்நோக்கி வளையும் அன்றோ என்பதே அவ்வையம். வளையும் என்பதே விடை. எனவே வெப்ப அடுக்கு ஒலியைக் கீழே வளைக்க, எதிர்க்காற்று மேலே வளைக்க, இரண்டனுள் வலியது வெல்கிறது. நிலக்காற்று சற்று விரைந்து வீசும் வைகறைகளில் ஊருக்குள் அலையோசை தேய்கிறது. காற்று ஓயும் வைகறைகளில் ஓங்குகிறது. கடலுக்குள் இருப்பவர்க்கு நிலைமை நேர்மாறு: கரையின் கோயில் மணியும் தேவாலய மணியும் பின்காற்றில் கீழ்நோக்கி வளைந்து அவர்தம் படகுவரை செல்கின்றன. ஒரே காற்று ஒருவர்க்கு ஒலியைக் குறைத்து மற்றவர்க்குக் கூட்டுகிறது. நாளுக்கு நாள் அலையோசை ஏன் மாறுகிறது என்று கேட்பவர்க்கு, கடலை மட்டும் பார்த்து விடை கூற இயலாது.

மணலின் குளிர்ச்சியைப் பொழுதுகாட்டியாகக் கொண்ட உயிர்களும் உள்ளன. கரைமணலில் வளைதோண்டி வாழும் அலவன் என்னும் நண்டு, பகலின் வெப்பத்தைத் தவிர்த்து ஈரமணல் ஆழத்தில் ஒதுங்கி, இரவிலும் புலரியிலும் வெளிவருகிறது. ஊரார் புலரியின் ஒளியில் அசையாமல் நின்றால், வளைவாயினின்று அது பக்கவாட்டில் வெளிப்பட்டு, காலிடுக்கில் அணைத்துக்கொணர்ந்த ஈரமணலை ஒரே எறிதலில் வீசிவிட்டு, காம்பின் நுனியில் நிமிர்ந்த கண்களால் ஒருமுறை சூழ நோக்கி மீண்டும் உள்ளே இறங்குவதைக் காணலாம். கருத்த ஈரமணற் சிதறல் வளையின் ஒருபுறமாகவே விசிறிபோல் விரிந்திருக்கும்.

அதனினும் பெரிய எடுத்துக்காட்டு, நம் மீனவர் பங்குனி ஆமை என வழங்கும் கடலாமை. சனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளில் கரையேறி, மணலில் குழிதோண்டி நூறளவு முட்டையிட்டுச் செல்கிறது. ஏறத்தாழ ஏழு கிழமைகளில் குஞ்சுகள் பொரிந்து, மணலுக்குள்ளேயே மெல்ல மேலேறி, மேல்மணல் வெப்பமாக இருக்கையில் அசையாது அடங்கி, அது குளிர்ந்தபின் இருளில் கூட்டமாக வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பமே முடிவுசெய்கிறது; வெப்பம் மிகின் பெண், குறையின் ஆண். வெளிவந்த குஞ்சு எப்பக்கம் தாழ்வான வானம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அப்பக்கம் ஓடுகிறது. இயற்கையில் அது கடலின் பக்கம். கரையிலே விளக்கு எரிந்தால் அது ஊரின் பக்கம் ஆகிவிடுகிறது. குஞ்சு சாலையில் ஏறி மாய்கிறது. மாசி முதல் சித்திரை வரை கடல்நோக்கி எரியும் விளக்குகளை அணைப்பதோ, ஒளி கீழே மட்டும் விழுமாறு மறைப்பிடுவதோ எந்தப் பேரூராட்சிக்கும் இயலாத செயல் அன்று. செய்யத் தவறுவதற்கு ஏற்கத்தக்க கரணியம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

மரங்களில் கரிச்சான் முதற்குரல் கொடுக்கும், காகங்கள் தொடரும். இதற்குள் வானம் நிறம் மாறியிருக்கும். குறுகிய அலைநீள ஒளியை வளியுறையின் மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கும் என்பதை 1871-இல் இரேலி பெருமகனார் காட்டினார். நீலம் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. புலரியின் ஆழ்நீலத்துக்கு இது மட்டும் போதாது. தொடுவானத்தின் கீழிருந்து வரும் கதிர், உயரத்தே உள்ள ஓசோன் படலத்தை நெடுந்தொலைவு சாய்வாக ஊடுருவ வேண்டியிருப்பதால், அப்படலம் செம்மஞ்சள் ஒளியை உறிஞ்சிவிட, எஞ்சுவது நீலம். 1953-இல் தான் இவ்விளக்கம் கணக்கிட்டு நிறுவப்பட்டது. கீழ்வானைப் பார்ப்பவர் பலர். அவர்களை ஒருமுறை மேற்கே திரும்புமாறு வேண்டுகிறேன். வயல்களுக்கும் பனைகளுக்கும் மேலே, கருநீலப் பட்டை ஒன்று தொடுவானை ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கருநீலப் பட்டை நாம் வாழும் இந்நிலவுலகின் நிழல். வளியுறையின்மேல் விழுந்து, ஞாயிறு ஏறஏறத் தாழ்ந்து மறைவது.

பின்னர் ஞாயிறு தோன்றுகிறது. இதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தொடுவானத்தை ஒட்டி வரும் ஒளியைக் காற்று ஏறத்தாழ 34 கலை அளவு வளைக்கிறது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. ஞாயிற்றின் விட்டமோ 32 கலை. ஆகவே அதன் கீழ்விளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் அந்நொடியில், காற்றில்லாதிருப்பின் அது முழுவதும் தொடுவானத்தின் கீழேயே இருக்கும். கீழ்விளிம்பின் ஒளி மேல்விளிம்பினதைவிட மிகுதியாக வளைவதால் வட்டம் மேலும்கீழும் நசுங்கி நீள்வட்டமாகத் தெரிகிறது. முழுவட்டமும் வெளிப்பட எடுத்துக்கொள்வது இரண்டே மணித்துளி.

அமைதி அவ்வேளையில் முடிந்துவிடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கலைகிறது. முதலில் ஒளி, அடுத்து, கரைதிரும்பும் படகுகளின் பொறியோசையும் மீன் ஏலத்தின் குரல்களும். வெப்ப அடுக்கு அடியினின்று காய்ந்து குலைய இரண்டு மணிநேரம் ஆகலாம். அது குலைந்ததும் திண்ணைக்கு வந்த அலையோசை தேய்கிறது. நிலமும் கடலும் வெப்பத்தில் ஒத்துவரும் முற்பகலில்தான் காற்று முழுமையாக ஓய்கிறது. கடற்காற்று எழுவதற்கு முந்தைய அச்சிறு பொழுதே காற்றின் உண்மையான அமைதி. செவியின் அமைதியினின்று அது மூன்று நான்கு மணிநேரம் பிந்தி வருகிறது.

இவற்றுள் பெரும்பாலானவற்றை அளந்து அறியப் பெருங்கருவிகள் வேண்டா. கடற்கரைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெப்பமானி மூன்றும் ஒரு குறிப்பேடும் போதும். ஒன்றை மணலின் மேற்பரப்பிலும், ஒன்றை முழங்கையாழ மணலிலும், ஒன்றைக் கரைநீரிலும் வைத்து, கடலோடிகள் புலரி தொடங்கி முற்பகல்வரை அரைமணிக்கு ஒருமுறை மாணவரைக் கொண்டு குறித்து வையுங்கள். காற்றின் பக்கத்தை ஒரு நூலிழையால் பாருங்கள். அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணுங்கள். பள்ளித் திண்ணையில் அலையோசை கேட்கிறதா என்பதையும் எழுதுங்கள். தை முதல் பங்குனி வரை எழுதிய குறிப்பேட்டைத் தமிழிலேயே தொகுத்து அடுத்த ஆண்டு மாணவர் கையில் கொடுங்கள்.